ஏலக்காட்டு ஓரத்தில் ராஜவெம்பாலா (ராஜநாகம்) கூடு: கொளுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்ய?

வண்டன்மேட்டுக்காரன் | ஏப்ரல் 27, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன் நான், எழுதுவது இதுதான் முதல் தடவை. கேரளத்தில், வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். முதலாளி வெளியூர்க்காரர், மாதம் ஒருமுறை வருவார்.

இன்று காலை கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்த பெண்கள் ஏலத்தட்டைக்கு மூடாக்குப் போடச் சருகு அள்ளப் போனார்கள். மேற்கு எல்லையில், ஓடைக்கு மேலே, பெரிய மூங்கில் புதர் ஒன்று உண்டு. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு குவிந்து கிடந்திருக்கிறது. முந்தின நாள் யாரோ வாரி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு அக்கா சாக்கை விரித்துக் குனிந்திருக்கிறார். குவியலுக்கு மேலேயே சுருண்டு கிடந்தது எழுந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் இடுப்பு ஒசரத்துக்கு எந்திரிச்சு நின்னு பாத்துச்சு தம்பி. சீறல. நாய் உறுமுற மாதிரி உறுமுச்சு."

சாக்கு, அரிவாள், சோத்துத் தூக்குவாளி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஏழு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய் நல்ல தூரத்தில் நின்று பார்த்தேன். காய்ந்த மூங்கில் நிறம், உடம்பில் அங்கங்கே வெளிறிய பட்டை. குவியல் மேலேயே கிடக்கிறது, நகரவில்லை.

லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீட்டுக்கும் அதற்கும் நூற்றைம்பது எட்டு இருக்கும். லயத்தில் சின்னப் பிள்ளைகள் பதினோரு பேர். கங்காணி, "மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திருவோம், வெளிய சொல்ல வேண்டாம்" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை, பயமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

போடிமெட்டு_பாண்டி | ஏப்ரல் 27, இரவு 9:02

அண்ணே, யோசிக்கவே வேணாம். பிள்ளைக இருக்கிற எடத்துல கருநாகத்தை வச்சுக்கிட்டு யாராச்சும் தூங்குவாங்களா? கங்காணி சொல்றதுதான் சரி. பாம்பு பாவம்னு இங்க எழுதப்போறவன் எவனும் உங்க லயத்துல வந்து ஒரு ராத்திரி படுக்க மாட்டான்.

---

பீருமேட்டுப்_பாம்புக்காரன் | ஏப்ரல் 27, இரவு 10:15

வண்டன்மேட்டுக்காரரே, முதலில் மண்ணெண்ணெய் கேனைப் பூட்டி வையுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பாம்பைக் கொல்வதும் கூட்டை அழிப்பதும் குற்றம். கங்காணி மாட்ட மாட்டார், தோட்டத்துப் பொறுப்பில் இருக்கிற நீங்கள் மாட்டுவீர்கள். சட்டத்தை விடுங்கள். முட்டை மேல் படுத்திருக்கும் பெண் ராஜவெம்பாலாவை நெருப்போடு நெருங்குவதுதான் இந்த மலையில் ஒருவன் செய்யக்கூடிய ஆகப் பெரிய முட்டாள்தனம்.

நான் கேரள வனத்துறையிடம் பயிற்சியும் சான்றிதழும் வாங்கிய பாம்பு மீட்பு வாலண்டியர். 2020இல் தொடங்கிய ஏற்பாடு இது. சர்ப்பா என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் இடத்தைப் போட்டால் பக்கத்தில் இருக்கிற வாலண்டியருக்கும் வனத்துறைக்கும் தகவல் போகும். இப்போதே போடுங்கள். போட்டுவிட்டு மீதியை வாசியுங்கள்.

நீங்கள் பார்த்தது தற்செயலாகச் சேர்ந்த சருகு அல்ல, அது அந்தப் பாம்பே கட்டிய கூடு. உலகத்தில் மூவாயிரத்துக்கு மேல் பாம்பு வகை இருந்தும், முட்டைக்கென்று சருகைச் சேர்த்துக் கூடு கட்டுவது ராஜநாகம் மட்டும்தான். கையும் இல்லை, காலும் இல்லை, எப்படிக் கட்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். உடம்பைக் கொக்கி போல வளைத்துச் சருகை அணைத்து இழுக்கும். இழுத்ததைச் சுற்றி ஊர்ந்து அழுத்தும். மறுபடி போய் இன்னொரு வாரி. 1950களில் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குள்ளேயே ஒன்று இப்படிக் கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டில் அளந்த கூடுகளில் பெரியவை நடுவில் 55 சென்டிமீட்டர் உயரம், அடியில் 140 சென்டிமீட்டர் அகலம். உங்கள் அக்கா சொன்ன முழங்கால் உயரம் சரியாகப் பொருந்துகிறது.

மார்ச் கடைசியிலிருந்து மே கடைசிக்குள் கட்டும். முட்டை ஏழும் இருக்கலாம், நாற்பதைத் தாண்டியும் இருக்கலாம். பொரிக்க 66 முதல் 105 நாள் ஆகும். உங்களுடையது ஏப்ரலில் கட்டியதாக இருந்தால் ஜூலையில் பொரிக்கும். அதுவரை அந்தப் புதருக்கு யாரும் போகக்கூடாது. செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

போடி பாண்டி தம்பிக்கு: லயத்தில் பத்து வருசம் படுத்து எழுந்தவன்தான் இதை எழுதுகிறேன்.

---

போடிமெட்டு_பாண்டி | ஏப்ரல் 27, இரவு 10:31

மூணு மாசமா? அதுவரைக்கும் பிள்ளைகளை மரத்துல கட்டி வைக்கவா? புடிச்சுட்டுப் போயி பெரியார் காட்டுக்குள்ள விட்டா என்ன?

---

பீருமேட்டுப்_பாம்புக்காரன் | ஏப்ரல் 27, இரவு 11:20

நியாயமான கேள்விதான். தாயைப் பிடித்துவிட்டால் முட்டை காவலில்லாமல் கிடக்கும். உடும்பு, கீரி, காட்டுப்பன்றி எல்லாம் அதற்குத்தான் காத்திருக்கும். கூட்டைப் பிரித்து வேறிடத்தில் வைத்தால் முட்டைக்குப் பழைய சூடும் ஈரப்பதமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பாம்பைத் தூரத்தில் விடுவதிலும் சிக்கல் உண்டு. கர்நாடகாவில் ஆகும்பே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் 2008 முதல் ராஜநாகத்தின் உடம்புக்குள் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். தன் காட்டிலேயே இருக்கும் பாம்புக்கு எந்த வளை, எந்த ஓடை, எங்கே சாரை கிடைக்கும் என்றெல்லாம் பழக்கம். பிடித்து வேறிடத்தில் விட்டது நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்திருக்கிறது. அலைகிற பாம்பு எங்கே போகும்? இன்னொரு லயத்துக்கு. அதனால் இப்போதெல்லாம் வீட்டுக்குள் வந்ததைப் பிடித்தாலும், பிடித்த இடத்துக்குப் பக்கத்துக் காட்டிலேயே விடுவதைத்தான் விவரமறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

---

வண்டன்மேட்டுக்காரன் | ஏப்ரல் 29, மாலை 6:10

நேற்று வனத்துறையிலிருந்து இரண்டு சேட்டன்மார் வந்தார்கள். அரை மணி நேரம் பைனாகுலரில் பார்த்துவிட்டு, பெண்தான், பத்தடிக்குக் கொஞ்சம் குறையும் என்றார்கள். புதரைச் சுற்றி முப்பது மீட்டருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியாச்சு. லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ரிப்பனைக் காட்டி ஒரு சேட்டன் மலையாளம் கலந்த தமிழில் நல்லபடியாகச் சொன்னார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். சாயந்திரமே இரண்டு பேர் ரிப்பனில் ஒரு துண்டைக் கிழித்து வந்து பட்டத்துக்கு வால் கட்டிவிட்டார்கள்.

கங்காணி என்னோடு பேசுவதில்லை.

அந்த அக்கா தூக்குவாளியை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார். கூட்டிலிருந்து நாலடியில் கிடக்கிறது. எவர்சில்வர், மகள் வாங்கிக் கொடுத்ததாம். சேட்டன்மாரிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

---

நிர்வாகி | ஏப்ரல் 30

ஒரு உறுப்பினர் கூடு இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் குறித்துப் போட்டிருந்தார். நீக்கிவிட்டேன். செல்ஃபி எடுக்க ஆள் கிளம்பினால் பாம்புக்கும் ஆபத்து, எடுக்கிறவனுக்கும் ஆபத்து. மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும்.

---

செங்கோட்டை_மாமா | மே 1, காலை 6:45

கருநாகம், ராஜநாகம், ராஜவெம்பாலான்னு ஆளுக்கொரு பேரா எழுதுதீங்களே, எல்லாம் ஒண்ணுதானா? எங்க பக்கம் கருத்த நல்லபாம்பையும் கருநாகம்னுதான் சொல்லுவாவ.

---

பல்லுயிர்_வாத்தியார் | மே 1, காலை 11:30

மாமா கேட்டது முக்கியமான கேள்வி. பேர்க் குழப்பத்தில் ஆள் குழம்பினால் வைத்தியமும் குழம்பும்.

கருநாகம் என்ற பெயர் தமிழில் இரண்டுக்கும் ஓடுகிறது. அதனால் நான் அதைத் தவிர்த்து ராஜநாகம் என்றே எழுதுவேன். மலையாளத்தில் ராஜவெம்பாலா. நல்லபாம்புக்குப் படம் அகலம், பின்னால் மூக்குக்கண்ணாடி அடையாளம். ராஜநாகத்தின் படம் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும், கழுத்தில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில V எழுத்து போல வெளிறிய பட்டை. தலையின் பின்பக்கம் ஒரு ஜோடி பெரிய செதில் உண்டு, நல்லபாம்புக்கு அது கிடையாது. உண்மையில் இது நல்லபாம்பு இனமே அல்ல. நல்லபாம்பெல்லாம் நாஜா என்ற பேரினம், இது ஓபியோஃபாகஸ் என்ற தனிப் பேரினம். கிரேக்கத்தில் அதற்குப் பாம்புண்ணி என்று பொருள்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிந்திருக்காது. 1836இல் கேன்டர் என்பவர் விவரித்த நாளிலிருந்து இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். 2024இல் மரபணுவையும் பட்டைகளையும் சேர்த்துப் பார்த்து நாலாகப் பிரித்துவிட்டார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தனி இனம், பெயர் ஓபியோஃபாகஸ் காளிங்கா. கன்னடத்தில் இதற்குக் காளிங்க சர்ப்பம் என்று பெயர், அதையே எடுத்து வைத்திருக்கிறார்கள். வடக்கே இருப்பதற்குப் பட்டை எண்ணிக்கை அதிகம், பட்டையின் ஓரத்தில் கருங்கோடும் இருக்கும். நம்முடையதற்குப் பட்டை குறைவு, அந்தக் கருங்கோடும் இல்லை. வண்டன்மேட்டுக்காரர் "அங்கங்கே வெளிறிய பட்டை" என்று எழுதினார் பாருங்கள், அதுதான்.

ஆக, உங்கள் மூங்கில் புதரில் கிடப்பது இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பாம்பு. கங்காணியிடம் இதைச் சொன்னால் மனம் மாறுவார் என்று நான் நினைக்கவில்லை, இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

---

சித்தூர்_சீனு | மே 1, மதியம் 2:05

விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது அந்தப் பக்கத்துக் கிழக்குமலைக் காட்டிலும் ராஜநாகம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தெலுங்கில் கிரிநாகு என்பார்கள், மலைநாகம் என்று அர்த்தம். சித்தூர் வறண்ட குன்றுகளில் நான் பார்த்ததில்லை. அங்கே எல்லாம் கண்ணாடி விரியன்தான்.

---

செங்கோட்டை_மாமா | மே 2, காலை 5:58

பாம்புண்ணின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஆரியங்காவு தாண்டி ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போன காலம். விடியுமுன்ன தலையில லைட்டைக் கட்டிக்கிட்டுப் போவோம். ஒரு நாள் ஒரு சாரை, ஆறடி இருக்கும், என் காலுக்கு எடையில பூந்து ஓடுது. சாரை ஓடுறது புதுசா? நான் பேசாம நிண்ணேன். ரெண்டு நிமிசத்துல பின்னாலயே இது வந்துச்சு. நாக்கை நீட்டி நீட்டித் தரையை மோந்துக்கிட்டு, சாரை போன தடத்துலயே, ஒரு எட்டு விலகாம. என்னை ஒரு மரம்னு நெனச்சிருக்கும் போல. கையில வெட்டுக்கத்தி இருந்துச்சு, தூக்கத் தோணல.

வெயில் ஏறி அந்த வழியா திரும்புதேன், ஓடைக்கரையில சாரையைத் தலைப்பக்கமா பாதி முழுங்கிக் கெடக்கு. வெளிய தெரிஞ்ச வால் மட்டும் சும்மா ஆடுது. எங்க ஆச்சி சொல்லுவா, சாரையும் நாகமும் சேருறதைப் பாத்தா மேல துணியைப் போடணும், போட்ட துணியை வீட்டுல வச்சா காசு பெருகும்னு. அன்னைக்கு நான் துணியைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னும் சிரிப்பா வருது.

---

பீருமேட்டுப்_பாம்புக்காரன் | மே 2, காலை 9:40

மாமா, அருமை. ஆச்சி சொன்ன அந்தப் "பிணையல்" பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. நாகத்துக்கும் சாரைக்கும் உறவு என்றால் அது மாமா பார்த்த உறவு ஒன்றுதான்.

வண்டன்மேட்டுக்காரர் கவனிக்க வேண்டியதும் இதுதான். ராஜநாகம் லயத்துக்கு மனிதனைத் தேடி வருவதில்லை. ஸ்டோரில் அரிசியும் கோழித்தீவனமும் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலிக்குச் சாரை வரும், சாரைக்கு ராஜநாகம் வரும். நல்லபாம்பையும் குழிவிரியனையும்கூட அது விடாது. எலியைக் கட்டுப்படுத்துங்கள், ராஜநாகத்துக்கு லயத்தில் ஜோலி இருக்காது.

தன் இனத்தையே தின்னும் என்பதும் உண்மை. ஜனவரியிலிருந்து பெண்ணின் வாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரும். இரண்டு ஆண்கள் சந்தித்தால் கடித்துக்கொள்ளாது. உடம்பை முறுக்கி, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும், மல்யுத்தம் மாதிரி மணிக்கணக்கில் நடக்கும். பாம்புகளில் பல வகைகளில் பெண்தான் பெரிது. இதில் ஆண் பெரிது, இந்த மல்யுத்தம்தான் காரணம் என்கிறார்கள். ஆனால் ஆகும்பேயில் ஒரு ஆண், ஏற்கெனவே சினையாக இருந்த பெண்ணைக் கொன்றதைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நாக தம்பதி, நூறாண்டுக் காதல், பழிவாங்கல் எல்லாம் சினிமாவோடு சரி.

---

போடிமெட்டு_பாண்டி | மே 2, இரவு 8:15

பழிவாங்காதுன்னு எழுதிட்டீங்க, சரி. ஆனா எங்க தாத்தா தேவாரம் மலையில இருபத்திரெண்டு அடி கருநாகம் பாத்திருக்கார். வாலை ஊனி மனுசன் மூஞ்சிக்கு நேரா நிக்குமாம். அதையும் இல்லைன்னு சொல்லுவீங்களா?

---

பல்லுயிர்_வாத்தியார் | மே 2, இரவு 9:50

தாத்தாவை நான் குறை சொல்லமாட்டேன். ஓடும்போது யாரும் டேப் பிடிப்பதில்லை. அளந்து பதிவானதில் ஆகப் பெரியது 5.71 மீட்டர், அதாவது 18 அடி 9 அங்குலம். 1937இல் மலேயாவில் போர்ட் டிக்சன் பக்கம் பிடித்து லண்டன் மிருகக்காட்சி சாலையில் வளர்த்தது. 1939இல் போர் தொடங்கியதும், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று பயந்து கொன்றுவிட்டார்கள். சாதாரணமாக நம் மலையில் பார்ப்பது பத்து முதல் பதின்மூன்று அடி.

எழுந்து நிற்பது மட்டும் தாத்தா சொன்னதில் பெரும்பாலும் சரி. வாலை ஊன்றியல்ல, உடம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கும். பன்னிரண்டு அடிப் பாம்பு நாலடி எழும். தூக்கியபடியே முன்னேறவும் செய்யும். உட்கார்ந்து சருகு அள்ளுகிறவருக்கு அது முகத்துக்கு நேர்தான்.

உறுமல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அக்கா கேட்டது பயத்தில் தோன்றியதல்ல. மற்றப் பாம்புகளின் சீறல் 7,500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், குக்கர் ஆவி போலக் கூர்மையாக. ராஜநாகத்தினுடையது 600 ஹெர்ட்ஸ் அளவில், கனமாக. மூச்சுக்குழாயிலிருந்து பக்கவாட்டில் சின்னச் சின்னப் பைகள் கிளைத்திருக்கும், காற்று அதில் மோதி நாதஸ்வர ஒத்து மாதிரி அடங்கின ஒலி தரும். இரை தேடுகிறபோது உறுமாது. "போ" என்று சொல்கிறபோதுதான் உறுமும். அந்த அக்கா போனார், அது விட்டது.

---

கம்பத்து_நர்ஸ் | மே 4, இரவு 11:10

நைட் டூட்டி முடிஞ்சு எழுதுறேன். எல்லாரும் கூடு கூடுன்னு பேசுறீங்க, கடிச்சா என்னன்னு யாரும் எழுதல.

நம்ம ஆஸ்பத்திரிகள்ல இருக்கிற விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்கு மட்டும்தான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷமும் இந்த நாலுதான். அந்தச் சங்கத்தோட மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ கெடச்சதே, அவங்கதான். ராஜநாக விஷம் அந்த மருந்துல சேரல. ராஜநாகத்துக்குன்னு தனி மருந்து தாய்லாந்துல செஞ்சிலுவைச் சங்கம் செய்யுது, நம்ம ஊர் வார்டுல அது இருக்காது.

சொட்டுக்குச் சொட்டு பாத்தா கட்டுவிரியன் விஷம் இதைவிடக் கடுமை. ஆனா இது ஒரே கடியில 7 மில்லி வரைக்கும் எறக்கும், கடிச்சுட்டு மென்னு புடிச்சுக்கும். நரம்புல வேலை செய்யும். கண் இமை தொங்கும், நாக்கு குழறும், அப்புறம் மூச்சுத் தசை நிக்கும். அரை மணி நேரத்துலகூட ஆகலாம். 2021ல கேரளாவுல மிருகக்காட்சி சாலை ஊழியர் ஒருத்தர் இப்படித்தான் போயிட்டார், பாம்போட பழகினவர்.

அதனால கட்டாதீங்க, கீறாதீங்க, பச்சிலை தேடாதீங்க. ஆளை அசைக்காம, வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. எது பக்கத்துல இருக்குன்னு இன்னைக்கே விசாரிச்சு ஜீப் டிரைவர்கிட்ட சொல்லி வைங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குழந்தையை வேற பாம்புக் கடியோட ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அங்க வென்டிலேட்டர் இல்லன்னு திருப்பி, அடுத்த ஊருக்குப் போறதுக்குள்ள... அதை எழுத வேணாம்.

ஆனா ஒண்ணு. என் சர்வீஸ்ல ராஜநாகக் கடி ஒண்ணுகூடப் பாத்ததில்லை. வர்றதெல்லாம் கட்டுவிரியன், தரையில பாய் போட்டுப் படுத்தவங்க. ஏலக்காட்டுல இருந்து வர்றது மூக்கு மேல தூக்கின அந்தச் சின்னக் குழிவிரியன், அதுக்கும் இந்த மருந்து கேக்காது, கிட்னியைப் புடிக்கும். இந்தியாவுல வருசத்துக்கு சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில சாகுறாங்க. அதுல ராஜநாகம் விரல் விட்டு எண்ணுற கணக்கு. பாண்டி தம்பி, உங்க லயத்துப் பிள்ளைகளுக்கு முதல்ல கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க.

---

போடிமெட்டு_பாண்டி | மே 5, காலை 7:30

கட்டில் சரிக்கா. அதை முதலாளிகிட்ட யாரு சொல்றது?

---

வண்டன்மேட்டுக்காரன் | ஜூன் 9, இரவு 9:00

ரொம்ப நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். மழை பிடித்துவிட்டது. நாலு நாளாக வெயிலே இல்லை. தினமும் காலை ஒருமுறை ரிப்பனுக்கு வெளியே நின்று பார்க்கிறேன். தாய் அங்கேயேதான். சில நாள் கூட்டு மேலே, சில நாள் இரண்டடி தள்ளி மூங்கில் வேரடியில். நான் கவனித்தவரை எதையும் தின்னவில்லை.

மழையில் கூடு கரைந்து போயிருக்கும் என்று நினைத்தேன். மேல் சருகு ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஓலைக்கூரை மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் வழிந்து சுற்றிலும் ஓடுகிறது.

மே மாதம் முதலாளி வந்தார். பயந்துதான் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, "அங்க ஒரு நாகர் கல் வைக்கலாமா?" என்றார். கட்டில் பற்றியும் சொன்னேன். கல்லுக்கு மட்டும் பதில் வந்தது.

---

பீருமேட்டுப்_பாம்புக்காரன் | ஜூன் 9, இரவு 10:30

கல் வேண்டாம், கல் வந்தால் பால் வரும், முட்டை வரும், கூட்டம் வரும்.

கூடு மழை தாங்குவது பற்றி எழுதினீர்கள், சந்தோஷம். உச்சியைக் குவித்து அழுத்திக் கட்டுவதற்குப் பலனே அதுதான். ஏப்ரலில் காய்ந்த சருகு கிடைக்கிறபோது கட்டி, ஜூன் ஜூலை மழைக்குள் அடைகாத்து, குட்டிகள் தவளையும் சின்னப் பாம்பும் பெருகிக் கிடக்கிற நேரத்தில் வெளியே வருகிற மாதிரிக் காலத்தைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது.

கீழே முட்டை அறை, மேலே தாய்க்கு மாடி அறை என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். நானே பயிற்சி வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரித்து அளந்தவர்கள் கண்டது பெரும்பாலும் ஒரே அறைதான். உள்ளே சூடும் ஒரே சீராக இருப்பதில்லை, மலையின் உயரத்தைப் பொறுத்து 13.5 டிகிரியிலிருந்து 37.4 வரைக்கும் பதிவாகியிருக்கிறது.

---

வண்டன்மேட்டுக்காரன் | ஜூலை 5, காலை 8:20

இரண்டு நாளாகத் தாயைக் காணவில்லை. நேற்று வேரடியிலும் இல்லை, இன்றும் இல்லை. யாரும் கொன்றிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கங்காணியிடமே கேட்டுவிட்டேன். "நான் ஏன்யா அந்தப் பக்கம் போறேன்?" என்றார். இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

---

பீருமேட்டுப்_பாம்புக்காரன் | ஜூலை 5, காலை 9:05

கங்காணியைச் சந்தேகப்பட வேண்டாம், அது போகும். கூட்டில் தாய் இருந்த நாளை எண்ணியவர்கள் இரண்டு நாள் முதல் 77 நாள் வரை கண்டிருக்கிறார்கள். உங்களுடையது நீங்கள் பார்த்தே 67 நாள் இருந்திருக்கிறது, நல்ல காவல்காரி. பசியில் பிள்ளைகளைத் தின்றுவிடக் கூடாது என்று விலகிப் போகிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஊகம். இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்த பாம்பு சாரை தேடிப் போயிருக்கிறது, எனக்கு அது போதும்.

இப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். குட்டிகள் ஒன்றரை அடி இருக்கும். கன்னங்கரேல் என்று, உடம்பெல்லாம் வெள்ளையோ மஞ்சளோ வளையம். லயத்தில் பார்த்தால் கட்டுவிரியன் என்றுதான் சொல்வார்கள். படமெடுக்கும், பிறந்த அன்றே விஷம் உண்டு. ஒரு வாரத்துக்கு இருட்டினால் யாரும் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் நடக்க வேண்டாம். வனத்துறைக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

---

வண்டன்மேட்டுக்காரன் | ஜூலை 19, இரவு 8:55

பொரித்துவிட்டது. 16ஆம் தேதி காலை பார்த்தபோது கூட்டின் மேல் சருகு லேசாக அசைந்தது, தலை ஒன்று எட்டிப் பார்த்து உள்ளே போனது. சேட்டன்மார் வந்தார்கள். அடுத்த இரண்டு நாளில் ஒன்றொன்றாக ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டன. எதையும் பிடிக்கவில்லை. ஒரு குட்டி மட்டும் ஏலத்தட்டைப் பக்கம் திரும்பியது, நீளக் குச்சியால் ஓடைப்பக்கம் திருப்பிவிட்டார்கள். விரல் தண்டிகூட இல்லாதது, குச்சியைப் பார்த்துப் படத்தை விரித்துக்கொண்டு நின்றது. கங்காணி என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பீடியை மட்டும் அணைத்துவிட்டார்.

இன்று கூட்டைப் பிரித்தார்கள். மொத்தம் இருபத்தாறு முட்டை, அதில் மூன்று கூமுட்டை. அறை ஒன்றுதான், பாம்புக்கார அண்ணன் சொன்னது சரி. சருகின் அடி அடுக்கு காய்ந்தே இருந்தது, இத்தனை மழைக்கும்.

---

போடிமெட்டு_பாண்டி | ஜூலை 19, இரவு 9:20

இருபத்தி மூணு குட்டியா? ஆத்தாடி. அத்தனையும் வளந்தா?

---

பல்லுயிர்_வாத்தியார் | ஜூலை 19, இரவு 9:48

வளராது தம்பி. எறும்பு, கீரி, கழுகு, மற்றப் பாம்பு, ஏன், பெரிய ராஜநாகமே தின்னும். இத்தனை முட்டை இடுவதே அதனால்தான்.

---

கம்பத்து_நர்ஸ் | ஜூலை 20, காலை 6:15

கட்டில் வந்துச்சா?

---

வண்டன்மேட்டுக்காரன் | ஜூலை 20, இரவு 8:30

சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஆறு வீட்டுக்கு வந்திருக்கிறது அக்கா. கொசுவலை இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காய்ப்பறிப்பு ஆரம்பித்துவிட்டதால் கம்பத்துப் பெண்கள் இன்று வந்தார்கள். மேற்குப் பாத்திக்குப் போகமாட்டோம் என்று முதலில் சொன்னவர்கள், மதியம் அவர்களாகவே கூட்டமாகப் போய்ப் பிரித்துப் போட்ட கூட்டைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த அக்காவின் தூக்குவாளியை நானே எடுத்துக் கொடுத்தேன். எண்பத்துநாலு நாள் மழையில் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை, உள்ளே மட்டும் கொஞ்சம் சேறு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடி எங்க தம்பி?" என்றார்.

நாளைக்குப் போய்த் தேடவேண்டும்.